வைஃபை இணைந்துவிட்டது, பக்கம்தான் திறக்கவில்லை: எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

போன மாதம் திருச்சியில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் ஒரு பெண் மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, அழுகை தொண்டை வரை வந்து நிற்க, உட்கார்ந்திருந்தார். ராத்திரி 11.59-க்குள் ஒரு வேலைக்கான விண்ணப்பம் போயாக வேண்டும், அப்போது மணி பத்தே முக்கால். வைஃபை இணைந்திருப்பதாகத் திரையின் மூலையில் காட்டுகிறது, ஆனால் அறை எண்ணையும் பாஸ்வேர்டையும் கேட்கிற லாகின் பக்கம் மட்டும் வரவே இல்லை. லாட்ஜ் ஊழியர் ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டுவிட்டார், இவர் லாப்டாப்பை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டார். கடைசியில் பார்த்தால், வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறது என்று அவருடைய அண்ணன் எப்போதோ போட்டுக்கொடுத்த 8.8.8.8 என்கிற டிஎன்எஸ் எண்தான் (தளத்தின் பெயருக்கு எண் கண்டுபிடித்துத் தருகிற சர்வரின் முகவரி) வழியை அடைத்திருந்தது. அதை எடுத்ததும் பத்து விநாடியில் லாகின் பக்கம் வந்தது, விண்ணப்பமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பொது வைஃபையில் மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் நன்றாக இருக்கிற எதையோ ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார்கள், அதில்தான் நேரம் போகிறது. எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு இந்த லாகின் பக்கம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் வைஃபையில் சேர்ந்ததும் ரவுட்டர் உங்கள் லாப்டாப்புக்கு ஒரு ஐபி முகவரி, அதாவது அந்த நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டுகிற ஒரு எண், கொடுக்கும். அந்த நொடியே விண்டோஸ் உங்களுக்குத் தெரியாமல் மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் ஒரு சின்ன கோப்பைக் கேட்கும். அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று சொற்கள் மட்டும்தான் இருக்கும். ஆப்பிள் லாப்டாப் 'சக்சஸ்' என்ற ஒரு சொல் உள்ள பக்கத்தைக் கேட்கும். எதிர்பார்த்தது வந்தால் இணையம் உண்டு என்று முடிவு செய்துவிடும். வேறு ஏதாவது வந்தால், நடுவில் யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு லாகின் பக்கத்தைத் திறந்து காட்டும். அதாவது, நீங்கள் கேட்ட பக்கத்தை ரவுட்டர் வழிமறித்து, அதற்குப் பதிலாகத் தன் பக்கத்தைக் கொடுக்கிறது. இப்படி நடுவில் புகுந்து மாற்றிக் கொடுப்பதைத் தடுக்கத்தான் எச்டிடிபிஎஸ் (பக்கத்தை மறைகுறியாக்கி அனுப்பும் முறை), விபிஎன் (எல்லாவற்றையும் மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் மென்பொருள்), பாதுகாப்பான டிஎன்எஸ் எல்லாம் உதவுகின்றன. லாகின் பக்கமும் நம் பாதுகாப்பும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம். ஆகவே, பாதுகாப்புக்காகப் போட்டிருக்கிற சிலவற்றை இரண்டு நிமிடம் ஒதுக்கி வைத்து, லாகின் முடிந்ததும் திரும்ப எடுத்துவர வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். டேட்டாவை அணைக்காவிட்டால் போன் அதில் போய்விடும், சோதனைக்கே பயன் இருக்காது. போனில் லாகின் பக்கம் வந்தால் குறை லாப்டாப்பில்தான். போனிலும் வரவில்லை என்றால் அந்த இடத்து வைஃபையில் ஏதோ கோளாறு, உங்கள் லாப்டாப்பை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: போனில் பக்கம் வருகிறதா என்று பார்த்தால் போதும், லாகின் செய்துவிடாதீர்கள். ஒரு அறை எண்ணுக்கோ போன் எண்ணுக்கோ ஒரு கருவிதான் என்று வைத்திருக்கிற இடங்கள் நிறைய, போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் லாப்டாப்புக்குக் கிடைக்காது.

'இணைகிறது, உடனே இணையம் இல்லை என்கிறது'

விண்டோஸில் ஸ்டார்ட் பக்கத்தில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழே ஐபிவி4 முகவரி என்ன என்று பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ 172 என்றோ தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது, அடுத்த பகுதிக்குப் போகலாம். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் கேட்டும் பதில் வராமல் லாப்டாப் தானாகவே ஒரு எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் பிரவுசரில் என்ன செய்தாலும் பயனில்லை.

கூட்டமான இடத்தில் இது சகஜம். சாதாரண ரவுட்டர் ஒன்றால் 250 முகவரிகளுக்குக் கொஞ்சம் மேலேதான் கொடுக்க முடியும். கொடுத்ததை ஒரு நாள் வரை அந்தக் கருவிக்கே ஒதுக்கி வைத்திருந்தால், காலையில் டீ குடித்துவிட்டுப் போனவருடைய போன் கூட சாயங்காலம் வரை ஒரு இடத்தைப் பிடித்திருக்கும். அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேர்ந்து பாருங்கள். அல்லது அதே கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ் என்றும், அடுத்து அதே போல ரென்யூ என்றும் ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். இரண்டு தடவைக்கு மேல் முயன்றும் 169.254 தான் வருகிறது என்றால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ரவுட்டரை அணைத்துப் போடுவது உண்மையிலேயே உதவும் சந்தர்ப்பம் இதுதான்.

இன்னொரு காரணம், ஆபீஸில் யாரோ உங்கள் லாப்டாப்புக்கு நிலையான ஐபி எண் போட்டிருப்பார்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ஐபி அசைன்மென்ட் என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மாற்றினால் திங்கட்கிழமை ஆபீஸில் திண்டாட வேண்டியதில்லை.

'முகவரி சரியாக இருக்கிறது, லாகின் பக்கம் மட்டும் வரவில்லை'

அதிகம் பேர் நிற்கிற இடம் இது, லாட்ஜில் அந்தப் பெண் நின்றதும் இங்கேதான். செய்ய வேண்டியதை எளிதானதிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

முதலில், கூகுளையோ யூடியூபையோ ஜிமெயிலையோ திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். அவை எச்டிடிபிஎஸ் தளங்கள், ரவுட்டரால் வழிமறித்துத் தன் பக்கத்தைக் கொடுக்க முடியாது, வெள்ளைத் திரையோ எச்சரிக்கையோதான் வரும். எஸ் இல்லாத வெறும் எச்டிடிபி பக்கம் ஒன்று வேண்டும். அதற்கென்றே நடத்தப்படுகிற தளம் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம். எக்ஸாம்பிள் டாட் காம் கூடப் போதும். முகவரியை அடிக்கும்போது முன்னால் எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்று முழுதாக அடியுங்கள். 2021-இல் வந்த 90-ஆம் பதிப்பிலிருந்து குரோம், வெறும் பெயரை அடித்தால் தானாகவே எச்டிடிபிஎஸ் பக்கம் முதலில் போகும். பத்தில் ஆறேழு முறை எனக்கு இந்த ஒரு படியிலேயே லாகின் பக்கம் வந்திருக்கிறது.

வரவில்லையா, ஐபிகான்ஃபிக் காட்டிய பட்டியலில் 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒரு எண் இருக்கும், 192.168.1.1 மாதிரி. அதை அப்படியே பிரவுசரில் அடியுங்கள். பல இடங்களில் லாகின் பக்கம் அதே ரவுட்டரிலேயே இருக்கும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்டால் அது உங்களுக்கானதல்ல, மூடிவிடுங்கள்.

அடுத்து விபிஎன். லாப்டாப் திறந்ததும் தானாக ஓடுகிற மாதிரி வைத்திருப்பீர்கள், மறந்தே போயிருக்கும். விபிஎன் துண்டித்தால் இணையத்தையே நிறுத்திவிடுகிற கில் ஸ்விட்ச் இருந்தால் இன்னும் சிக்கல்: லாகின் செய்யாமல் விபிஎன் இணையாது, விபிஎன் இணையாமல் லாகின் பக்கம் திறக்காது. இரண்டையும் தற்காலிகமாக அணையுங்கள். கம்பெனி லாப்டாப்பில் அணைக்க அனுமதி இல்லை என்றால் வேறு வழி இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான்.

அப்புறம் டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்குகிற தொலைபேசிக் கையேடு அது. லாகினுக்கு முன்னால் தன்னுடைய கையேட்டைத் தவிர வேறு எதையும் விடமாட்டேன் என்று பல பொது வைஃபைகள் வைத்திருக்கும். உங்கள் லாப்டாப் 8.8.8.8-ஐயோ 1.1.1.1-ஐயோ மட்டும்தான் கேட்பேன் என்றால், எந்தப் பெயருக்கும் எண் கிடைக்காது, பக்கமே நகராது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்டீஸ், அங்கே டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட், அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். மேக்கில் நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் 'டீட்டெய்ல்ஸ்' திறந்து, டிஎன்எஸ் பகுதியில் நீங்கள் சேர்த்த எண்களை நீக்குங்கள்.

பிரவுசருக்குள்ளும் தனியாக ஒரு டிஎன்எஸ் உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். குரோமில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, செக்யூரிட்டி, 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' என்ற இடத்தில் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதை அணையுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் 'மேக்ஸ் ப்ரொடெக்ஷன்' போட்டிருந்தால் 'டிஃபால்ட்' ஆக்குங்கள்.

இதோடு ப்ராக்ஸியையும், அதாவது நடுவில் நின்று பக்கங்களை வாங்கித் தருகிற சர்வரையும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்லூரியிலோ ஆபீஸிலோ போட்ட ப்ராக்ஸி எண் அப்படியே இருந்தால், 'ப்ராக்ஸி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற பிழை வரும், இந்த வாசகம் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லாகின் பக்கம் தனியாகச் சின்ன ஜன்னலாக வரும், அதை விளம்பரம் என்று நினைத்து மூடினால் இணைப்பே அறுந்துவிடும். வைஃபையை அணைத்து மறுபடி போட்டால் ஜன்னல் திரும்ப வரும்.

'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வருகிறது'

லாகினுக்கு முன்னால் வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் 'அட்வான்ஸ்டு' அழுத்தி உள்ளே போகவும் வேண்டாம். நீங்கள் ஜிமெயிலைக் கேட்டீர்கள், ரவுட்டர் நடுவில் பதில் சொன்னது, பிரவுசர் இது ஜிமெயில் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டது. பிரவுசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்த டேபை மூடிவிட்டு எஸ் இல்லாத பக்கத்துக்குப் போங்கள். சில நேரம் குரோமே, இது வைஃபை லாகின் பூட்டு என்று புரிந்துகொண்டு 'கனெக்ட்' என்ற பொத்தானைக் காட்டும், அதை அழுத்தலாம்.

எல்லாத் தளத்துக்கும் எச்சரிக்கை வருகிறது, வீட்டு நெட்டிலும் வருகிறது என்றால் லாப்டாப்பின் தேதியைப் பாருங்கள். பழைய லாப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போனால் தேதி சில வருடம் பின்னால் போய் நிற்கும், தளங்கள் தாங்கள் யார் என்று நிரூபிக்கக் காட்டுகிற சான்றிதழ்களின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். தேதியைக் கையால் சரிசெய்தால் அப்போதைக்கு வேலை நடக்கும், பேட்டரியை ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

லாகின் முடிந்த பிறகும் வங்கித் தளத்துக்கு இந்த எச்சரிக்கை வந்தால் கதையே வேறு. அந்த வைஃபையை விட்டு உடனே வெளியே வாருங்கள், யார் என்ன சொன்னாலும்.

'பக்கம் வருகிறது, பொத்தான் வேலை செய்யவில்லை, ஓடிபி வரவில்லை'

பொத்தான் அழுத்தினால் அசைவே இல்லை என்றால் முதல் சந்தேகம் விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் மேல். இன்காக்னிட்டோ ஜன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் சாதாரணமாக ஓடாது, அதில் திறந்து பாருங்கள், அல்லது வேறு பிரவுசர். மேக்கின் சின்ன ஜன்னலுக்கு சஃபாரி சேமித்து வைத்திருக்கிற குக்கிகள் (லாகின் குறிப்புகள்) தெரியாது, கூகுள் கணக்கு வழியாக லாகின் கேட்கிற இடங்களில் அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ஜன்னலில் 'கேன்சல்' கொடுத்து, 'இணையம் இல்லாமல் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்து, சஃபாரியில் எஸ் இல்லாத பக்கத்தைத் திறந்தால் அதே லாகின் முழு அளவில் வரும்.

ஓடிபி விஷயம் பெரும்பாலும் லாப்டாப்போடு சம்பந்தப்பட்டதே இல்லை. அடித்தளத்தில் இருக்கிற காபிக் கடையில் போனுக்கு சிக்னலே இருக்காது, வாசல் வரை போய்வந்தால் மூன்று ஓடிபி ஒன்றாக வந்து விழும். அப்படி வந்தால் கடைசியாக வந்ததுதான் செல்லும். 91 என்ற எண்ணை ஏற்கெனவே பக்கமே போட்டிருக்க, நீங்களும் சேர்த்து அடித்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்திருக்கிற உறவினர்களுக்கு இந்தியாவில் இது நிஜமான தொல்லை, பத்து இலக்க இந்திய எண்ணை மட்டுமே ஏற்கிற பக்கங்கள் பல. வரவேற்பில் கேட்டால் சில ஹோட்டல்களில் ஓடிபி வேண்டாத கூப்பன் எண் கொடுப்பார்கள்.

சிங்கப்பூரின் பொது வைஃபையில் வயர்லெஸ் அட் எஸ்ஜிஎக்ஸ் என்ற பெயரில் தனி இணைப்பு ஒன்று உண்டு, ஒருமுறை அமைத்துவிட்டால் அடுத்த முறை லாகின் பக்கமே இல்லாமல் மறைகுறியாக்கத்தோடு சேர்ந்துவிடும். நம் ஊரிலும் எல்லா இடத்திலும் இப்படி வர வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

'லாகின் ஆகிவிட்டது என்கிறது, ஆனாலும் பழையபடி லாகின் பக்கத்துக்கே திரும்புகிறது'

லாகினுக்கு முன்னால் ரவுட்டர் கொடுத்த தவறான எண்களை லாப்டாப் ஞாபகம் வைத்திருக்கும். பிரவுசரை முழுவதும் மூடித் திறங்கள், போதவில்லை என்றால் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ஃப்ளஷ்டிஎன்எஸ். அதற்கும் அசையவில்லை என்றால் வன்பொருள் முகவரியைப் பாருங்கள். லாகின் செய்தவர் யார் என்று ரவுட்டர் அடையாளம் வைத்துக்கொள்வது உங்கள் பெயரை வைத்து அல்ல, வைஃபை கார்டின் வன்பொருள் முகவரியை வைத்து. விண்டோஸ் 11-இல் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' தினமும் மாறும்படி இருந்தால், நேற்று ஒரு வாரத்துக்குப் பணம் கட்டியவர் நீங்கள்தான் என்று இன்று ரவுட்டருக்குத் தெரியாது. அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் அதை அணையுங்கள். மேக்கில் 2024-இல் வந்த செக்கோயாவிலிருந்து 'ஃபிக்ஸ்டு', 'ரொட்டேட்டிங்' என்று இரண்டு வகை உண்டு, லாட்ஜில் நான்கு நாள் தங்குகிறீர்கள் என்றால் ஃபிக்ஸ்டு வையுங்கள்.

ஒரு விநோதமான வழக்கும் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் வைஃபை கட்டுப்பாட்டுக் கருவிகளில், லாகின் பக்கத்துக்கு 1.1.1.1 என்ற எண்ணைப் போடுவது ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது, அப்போது அது யாரும் உபயோகிக்காத எண். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃப்ளேர் அதே எண்ணில் தன் டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியது. இன்னும் பழைய அமைப்பிலேயே ஓடுகிற இடத்தில் நீங்கள் 1.1.1.1-ஐ டிஎன்எஸ்ஸாக வைத்திருந்தால், கேள்வி லாகின் கருவியிடமே போய் நிற்கும், லாகின் ஆன பிறகும் எந்தப் பெயருக்கும் பதில் வராது.

'சில பக்கம் வருகிறது, சிலது சுற்றிக்கொண்டே இருக்கிறது'

பெரும்பாலும் வேகம்தான். 1 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 125 கிலோபைட், 5 எம்பி பிடிஎஃப் ஒன்றை ஏற்ற 40 விநாடி, அதுவும் யாரோடும் பங்கு போடாவிட்டால். பின்னால் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும் ஓடிக்கொண்டிருந்தால் பிரவுசருக்கு மிச்சமே இருக்காது, அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்தால் இரண்டும் அடங்கும். ஒரே பெயர் 5ஜி என்ற ஒட்டுடன் இன்னொன்றாகவும் தெரிந்தால், ரவுட்டர் அருகில் இருக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டு சுவர் தாண்டி இருந்தால் 2.4.

பிரவுசர் நன்றாக ஓட, அவுட்லுக் மட்டும் நிற்கிறது என்றால் வைஃபை நடத்துகிறவர்கள் மெயில் போகிற வழியை (போர்ட்) அடைத்திருக்கலாம். மெயிலை பிரவுசரிலேயே பாருங்கள்.

'அரை மணி நேரத்தில் அறுந்துவிடுகிறது'

லாப்டாப்பில் தேடாதீர்கள், அது நேர வரம்பு. ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நடத்துகிற ரெயில்வயர் வைஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கியது. 2021 மார்ச்சில் அறிவித்த திட்டத்தின்படி, நாளுக்கு முதல் 30 நிமிடம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம், அதற்கு மேல் கட்டணம், ஒரு நாளைக்கு 10 ரூபாயிலிருந்து. இது தெரிந்தால் படிவத்தை முதலில் ஆஃப்லைனில் தயார் செய்து, போட்டோவையும் கையெழுத்தையும் சின்னதாக்கி வைத்துக்கொண்டு, பிறகு லாகின் செய்வீர்கள். லாப்டாப் மூடியை மூடினாலும் சில இடங்களில் மறுபடி லாகின் கேட்கும்.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியது: விபிஎன், செக்யூர் டிஎன்எஸ் என்று அணைத்ததையெல்லாம் திரும்பப் போடுங்கள், வைஃபையை 'ஃபர்கெட்' கொடுங்கள். இல்லையென்றால் அதே பெயரில் வேறு யாரோ வைத்திருக்கிற வைஃபையில் லாப்டாப் தானாகச் சேர்ந்துவிடும். லாகின் பக்கம் ஏதாவது மென்பொருளையோ சான்றிதழையோ இறக்கி நிறுவச் சொன்னாலும், உங்கள் மெயில் பாஸ்வேர்டையே கேட்டாலும் செய்யாதீர்கள். காபிக் கடை வைஃபைக்கு இவை எதுவும் தேவை இல்லை.

விண்டோஸில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒன்று இருக்கிறது, எல்லாம் செய்தும் வரவில்லை என்றால் கடைசியாக. அது சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளை அழித்துவிடும், விபிஎன்னையும் மறுபடி அமைக்க வேண்டி வரலாம், வெளியூரில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். கடைசி நாள், கடைசி மணி என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் வைஃபையோடு போராடவும் வேண்டாம். போனை சார்ஜிங் ஒயரால் லாப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். ஒரு விண்ணப்பப் படிவம் போய்ச் சேர சில எம்பி டேட்டா போதும், போனில் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும்.